பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் மேமோகிராம் வேன் கொண்டுவர யோசனை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

மாங்காய்த்தோப்பு
ஞாயிறு, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். ஊர் பாலக்கோடு பக்கம், பிழைப்பு ஓசூரில். கல்லூரியில் கூடப் படித்த பன்னிரண்டு பேர் சேர்ந்து வருடத்துக்கு ஒரு காரியம் செய்வோம். போன வருடம் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டினோம். இந்த வருடம் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை வேன் என்று பேச்சு ஓடுகிறது.

காரணம் என் பெரியம்மா. கட்டி இருப்பது அவருக்கு ஒன்றரை வருடமாகத் தெரியுமாம். வலிக்கவில்லை, அதனால் யாரிடமும் சொல்லவில்லை. களை எடுக்கப் போனார், மாடு கறந்தார், பேத்தி காதுகுத்துக்கு நூறு பேருக்குச் சமைத்தார். ரவிக்கையில் கறை பட்டதைத் துவைக்கும்போது மருமகள் பார்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்குள் அக்குளிலும் பரவிவிட்டது. கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) என்று எட்டு மாதம் அலைந்தோம். போன தை மாதம் போய்விட்டார்.

வேனை வாடகைக்கு எடுத்து மூன்று நான்கு ஊர்களில் நிறுத்தலாம் என்பது எங்கள் எண்ணம். எந்த ஊர், எந்த மாதம், யாரிடம் அனுமதி? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

தொப்பூர்க்காற்று
ஞாயிறு, இரவு 10.05

நல்ல காரியம் அண்ணா. நல்லம்பள்ளி பக்கமும் ஒரு நாள் வாருங்கள். எங்கள் தெருவிலிருந்து நானே பத்துப் பேரைக் கூட்டி வருகிறேன்.

---

எக்ஸ்ரே_அண்ணன்
திங்கள், காலை 6.50

பதினோரு வருடமாக இந்த மிஷினோடுதான் குடித்தனம், அதில் மூன்று வருடம் வேனில். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அனுமதி. மேமோகிராம் என்பது எக்ஸ்ரே. மிஷினுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இருக்க வேண்டும். வாடகைக்கு விடுபவரிடம் முதலில் அந்தக் காகிதத்தைக் கேளுங்கள். மழுப்பினால் அடுத்தவரைப் பாருங்கள். மாவட்ட சுகாதார அலுவலரிடம் எழுதிக் கொடுத்து, அந்த வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் இல்லாமல் செய்தால் என்ன ஆகும் என்பது வேறு கதை.

இரண்டாவது, சாலை. குலுங்கிக் குலுங்கி வந்த மிஷினில் உடனே ஆளை நிறுத்த மாட்டோம். மெழுகும் பிளாஸ்டிக்குமாக ஒரு கட்டை இருக்கிறது. அதை வைத்துப் படம் எடுத்து, அதற்குள் இருக்கும் பொட்டுப் பொட்டான புள்ளிகள் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகுதான் வேலை ஆரம்பம். ஏசி ஓடியே ஆக வேண்டும், ஜெனரேட்டருக்கு டீசல் கணக்கு வையுங்கள். மலைமேல் இந்த வேன் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மூன்றாவது, ஆள். படம் எடுப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும். நான் ஆண், வேனில் கம்ப்யூட்டர் பக்கம் உட்கார்ந்து நான் செய்தது பூராவும் கோப்பு வேலைதான். அது சரியும்கூட.

ஒரு மார்பகத்துக்கு இரண்டு படம், மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று. ஆக நான்கு. ஒவ்வொன்றுக்கும் பலகை வந்து சில விநாடி அழுத்தும். இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொன்னால் பொறுத்துக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் உள்ளே இருப்பவர் "ஐயோ" என்பார், வெளியே வரிசை பாதியாகும். நானே பார்த்திருக்கிறேன்.

அப்புறம் பவுடர். காலையில் குளித்து, பவுடர் பூசி, பூ வைத்துக் கல்யாணத்துக்கு வருவதுபோல வருவார்கள். அக்குளில் ஒட்டிய பவுடர் படத்தில் சுண்ணாம்புத் துகள் மாதிரி விழுந்து குழப்பும். வேனில் ஈரத்துணி வையுங்கள். தாலியைக் கழற்றச் சொல்லவே வேண்டாம், கேட்டால் அத்தோடு இறங்கிப் போய்விடுவார்கள். முதுகுப் பக்கம் தூக்கிப் போட்டுக்கொள்ளச் சொன்னால் போதும். படிக்கட்டு உயரம், முட்டிவலிக்காரர்களுக்கு ஒரு முக்காலி தேவை. இவ்வளவும் பார்த்தால் ஒரு நாளைக்கு 30, 35 பேர்தான் உருப்படியாக முடியும். 150 பேர் என்று நோட்டீஸ் அடிக்காதீர்கள்.

---

நர்ஸம்மா_ஓய்வு
திங்கள், பகல் 2.15

தம்பி மாங்காய்த்தோப்பு, பெரியம்மா விஷயம் படித்து மனசு கஷ்டமாக இருந்தது. நான் பென்னாகரம் வட்டாரத்தில் 31 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். மிஷின் விஷயம் எக்ஸ்ரே தம்பி சொல்லிவிட்டார். நான் பெண்கள் விஷயம் சொல்கிறேன்.

வேனில் "புற்றுநோய்" என்று கொட்டை எழுத்தில் எழுதி பஸ் ஸ்டாண்ட் எதிரில் நிறுத்தினால் ஒருத்தி ஏற மாட்டாள். யார் ஏறினார்கள் என்று சாயங்காலம் டீக்கடையில் பேச்சு ஓடும். கல்யாணத்துக்குப் பெண் வைத்திருக்கும் வீடு என்றால் கேட்கவே வேண்டாம், "அவ அம்மாவுக்கு அந்த நோயாமே" என்று சம்பந்தமே நின்றுபோகும். வேனைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலோ, சமுதாயக் கூடத்துச் சந்திலோ நிறுத்துங்கள். பிரஷர், சர்க்கரை, ரத்தசோகை, எல்லாம் பார்க்கும் முகாம் என்று சொல்லுங்கள். அந்த வரிசையில் ஒன்றாக இதுவும் இருக்கட்டும்.

நாள் பார்ப்பது முக்கியம். நூறு நாள் வேலை நடக்கும் நாளில் வைத்தால் ஒரு நாள் கூலி போகும். பணித்தளப் பொறுப்பாளரிடம் முன்னாடியே பேசினால் அவரே ஆளை அனுப்புவார். தை, மாசி, பங்குனியில் கல்யாணமும் புளி உலுக்குவதும். மே முதல் ஜூலை வரை மாங்கூழ் ஃபேக்டரிக்கு வேன் வந்து பெண்களை அள்ளிக்கொண்டு போகும். அந்த வேனுக்கு முன்னால் உங்கள் வேன் நிற்குமா? ஆடியில் வையுங்கள். ஆனால் பதினெட்டை ஒட்டி வேண்டாம், பாதி ஊர் ஒகேனக்கல்லில் இருக்கும்.

இன்னொன்று. "கட்டி இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். நான் அப்படிக் கேட்க மாட்டேன். "குளிக்கும்போது சோப்பு போடும் இடத்தில் கைக்குப் பருப்பு மாதிரி ஏதாவது தட்டுப்படுதாம்மா? ஒரு பக்கம் காம்பு உள்ள இழுத்த மாதிரி இருக்கா? தோல் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி ஆயிருக்கா? ரவிக்கையில் கறை பட்டுதா?" இப்படிக் கேட்பேன். வலி இருக்கா என்று கேட்பதைவிட வலி இல்லாத கட்டி இருக்கா என்று கேட்க வேண்டும். வலித்தால் அவளே வந்திருப்பாளே.

---

கணக்குப்பிள்ளை
திங்கள், இரவு 11.20

எல்லோரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். வேன் தேவையா என்ற கேள்வியையே யாரும் கேட்கவில்லை, அதனால் கேட்கிறேன்.

மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவமனை 1998இல் ஒரு ஆய்வு தொடங்கியது. குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரை சுமார் 1,51,500 பெண்கள். பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் தடவிப் பார்த்துப் பரிசோதித்தார்கள். மிஷின் கிடையாது. 20 வருடக் கணக்கு 2021இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. பரிசோதித்த பக்கத்தில் நோய் முன்கூட்டிய கட்டத்தில் அகப்பட்டது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்பகப் புற்றுநோயால் வரும் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. ஆனால் எல்லா வயதையும் சேர்த்தால் 15 சதவீதம்தான், அதுவும் புள்ளியியல்படி உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அரசாங்கத் திட்டமும் இதுதான்: 30 முதல் 65 வயது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, கையால் பரிசோதனை. திட்டம் காகிதத்தில் இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நாடு முழுக்க 0.9 சதவீதம், தமிழ்நாட்டில் 5.6. நம்மைத்தான் நன்றாகச் செய்கிறோம் என்கிறார்கள்!

ஒரு நாள் வேன் வாடகையில், கையால் பரிசோதிக்கும் இரண்டு பெண்களுக்கு எத்தனை மாதம் சம்பளம் கொடுக்கலாம் என்று கணக்குப் போடுங்கள்.

---

எக்ஸ்ரே_அண்ணன்
செவ்வாய், காலை 7.05

கணக்குப்பிள்ளை, சண்டைக்கு வரவில்லை, பாதி ஒத்துக்கொள்கிறேன். 40 வயதுக்குக் கீழே மேமோகிராம் பெரிதாக உதவாது. சதை அடர்த்தியாக இருக்கும், படம் முழுக்கப் பால்போல வெள்ளை. கட்டியும் வெள்ளை. மூடுபனியில் வெள்ளாடு தேடுகிற மாதிரி. ஆனால் 50 வயதுக்கு மேல் கைக்குத் தட்டுப்படாததை மிஷின் காட்டும். வேன் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், யாருக்கு வேண்டும் என்று சொல்லுங்கள்.

---

ஒகேனக்கல்_பரிசல்
செவ்வாய், காலை 9.30

கதிர் இல்லாமல், தொடாமல், உடல் வெப்பத்தைப் படம் பிடித்தே கண்டுபிடிக்கும் மிஷின் வந்திருக்கிறதாமே? பெட்டியில் வைத்து மலைக்கே தூக்கிப் போகலாமாம். அதை வைக்கலாமே?

---

எக்ஸ்ரே_அண்ணன்
செவ்வாய், காலை 9.55

அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் எஃப்டிஏ இதற்கு வெளிப்படையாகவே எச்சரிக்கை கொடுத்திருக்கிறது: வெப்பப்படம் மேமோகிராமுக்கு மாற்று அல்ல. "ஒன்றுமில்லை" என்று அது சொன்னதை நம்பி ஒருவர் வீட்டில் உட்கார்ந்துவிட்டால் யார் பொறுப்பு?

---

இராயக்கோட்டை_தக்காளி
செவ்வாய், இரவு 8.10

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

எங்கள் ஊருக்கும் ஒருமுறை வேன் வந்தது. ஒரு அறக்கட்டளை நடத்தியது, பெயர் வேண்டாம். அம்மாவை நான்தான் கட்டாயப்படுத்தி அனுப்பினேன். ரிப்பன் வெட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், ஆளுக்கு ஒரு துணிப்பை கொடுத்தார்கள். ரிசல்ட் பிறகு வரும் என்றார்கள். மூன்று வாரம் கழித்துத் தபாலில் ஒரு கவர் வந்திருக்கிறது. நான் அப்போது பெங்களூருவில். அம்மாவுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும், கவருக்குள் இருந்தது முழுக்க ஆங்கிலம். போனும் யாரும் செய்யவில்லை. பெரிதாக இருந்தால் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்து, ரேஷன் கார்டு, மின்கட்டண அட்டை இருக்கும் டப்பாவில் பத்திரமாக மடித்து வைத்துவிட்டார்.

தீபாவளிக்கு ஊருக்கு வந்து, கேஸ் புத்தகம் தேடும்போது நான் அதைப் பார்த்தேன். ஐந்து மாதம் ஆகியிருந்தது. "பைராட்ஸ் 4, பயாப்சி செய்யவும்" என்று இருந்தது. புற்றுநோயோ என்று சந்தேகம், சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று அர்த்தம். அது என்ன என்று கூகுளில் தேடியபோது கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. அம்மா அடுப்படியிலிருந்து "கெடச்சுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா நன்றாக இருக்கிறார், கவலைப்பட வேண்டாம். அறுவை சிகிச்சை, கீமோ எல்லாம் முடிந்து நாலு வருடம். தக்காளித் தோட்டத்துக்குப் போகிறார், போகாதே என்றால் கேட்பதில்லை. ஆனால் அந்த டப்பாவை நான் திறக்காமல் போயிருந்தால்?

மாங்காய்த்தோப்பு அண்ணா, வேன் கொண்டுவாருங்கள். ஆனால் வேன் போன மறுநாள் யார் போன் எடுப்பார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

---

கணக்குப்பிள்ளை
செவ்வாய், இரவு 9.45

நான் இரண்டு பக்கம் எழுதியதைவிட இந்தப் பதிவு மேல். உலக சுகாதார நிறுவனம் வைத்த இலக்கை மட்டும் சேர்க்கிறேன். நோயாளிகளில் 60 சதவீதத்துக்கு மேல் முதல் இரண்டு கட்டங்களிலேயே கண்டுபிடிக்கப்பட வேண்டும். மருத்துவரிடம் முதலில் காட்டியதிலிருந்து 60 நாளுக்குள் நோய் இதுதான் என்று உறுதியாக வேண்டும். 80 சதவீதம் பேர் சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும். வேன் இதில் முதலாவதை மட்டும்தான் தொடுகிறது. அந்த அம்மாவுக்கு டப்பாவிலேயே 150 நாள் போயிருக்கிறது.

---

தளி_எல்லை
புதன், காலை 10.20

எங்கள் பக்கத்து நிலவரம் வேறு. தளி, அஞ்செட்டி, கெலமங்கலத்தில் பாதி வீடுகளில் கன்னடம் அல்லது தெலுங்கு. தருமபுரியிலிருந்து தமிழில் நோட்டீஸ் அடித்து வந்தால் பொட்டலம் கட்டத்தான் உதவும். பெட்டமுகிலாளம் போன்ற மலைக் கிராமங்களுக்கு வேன் வராது, பெண்களைத்தான் கீழே இறக்க வேண்டும். மாலை நாலு மணிக்கு மேல் முகாம் நடத்தாதீர்கள். யானை நடமாட்டம் இருக்கிறது, திரும்பிப் போகப் பயப்படுவார்கள். "கூட்டம் வரவில்லை, விழிப்புணர்வு இல்லை" என்று எழுதிவிட்டுப் போவார்கள். விழிப்புணர்வு இல்லாமலா, யானையாலா?

---

தொப்பூர்க்காற்று
புதன், பகல் 12.40

ஒரு சந்தேகம். மேமோகிராமில் சரியாகத் தெரியாவிட்டால் அல்ட்ராசவுண்ட் என்கிறார்களே, வேனிலேயே ஒரு ஸ்கேன் மிஷினையும் ஏற்றிவிட்டால் என்ன?

---

நர்ஸம்மா_ஓய்வு
புதன், பகல் 3.30

தம்பி, அந்த ஆசையே வேண்டாம். கருவில் ஆணா பெண்ணா பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டம் இருக்கிறது. ஸ்கேன் மிஷின் எங்கே இருந்தாலும், வண்டியில் இருந்தாலும், பதிவு வேண்டும், கணக்கு வேண்டும். அதுவும் நம் மாவட்டத்தில்! காரில் மிஷினை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பெண் குழந்தையா என்று பார்த்துச் சொன்ன கும்பல்கள் பிடிபட்ட இடம் இது. வேண்டாம் என்று நினைக்கும் பெண் குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுவிடச் சொல்லி 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் இங்கேயும் வந்ததே, எதனால்? நான் வேலையில் இருந்தபோது பார்த்ததை எல்லாம் எழுதினால் இந்த இழை போதாது. திரை போட்ட வேனுக்குள் ஸ்கேன் என்றால் கலெக்டர் ஆபீஸும் சந்தேகப்படும், ஊரும் தப்பாக நினைக்கும். ஸ்கேன் தேவைப்படுபவரை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். தருமபுரியில் 2008லிருந்தும் கிருஷ்ணகிரியில் 2022லிருந்தும் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

காப்பீட்டு அட்டையையும் முகாமிலேயே பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை, வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும். பல வீடுகளில் அட்டையே எடுத்திருக்க மாட்டார்கள். எடுத்திருந்தால் திருப்பூரில் இருக்கும் மகனிடம் இருக்கும். நோய் உறுதியான பிறகு வருமானச் சான்றுக்கு அலையவிட்டால் அதிலேயே ஒரு மாதம் போகும்.

---

சூளகிரி_சுற்று
புதன், இரவு 7.50

நான் மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலர். 2021 ஆகஸ்ட் 5 அன்று திட்டம் தொடங்கியதே எங்கள் சாமனப்பள்ளியில்தான், அந்தப் பெருமை எங்களுக்கு உண்டு. வீடு வீடாகப் போய் பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுப்போம். எந்த வீட்டில் யாருக்கு எத்தனை வயது, யார் மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளித்து வைக்கிறார்கள், எல்லாம் தெரியும். முகாமுக்கு ஆள் கூப்பிட நோட்டீஸ், ஆட்டோ மைக் எதுவும் வேண்டாம் அண்ணா. உங்கள் பக்கத்து ஊர்களில் எங்களைப் போன்றவர்களிடம் பட்டியலைக் கேளுங்கள், கேட்கும்போது மதித்துக் கேளுங்கள். பல பேர் முகாம் முடிந்து போட்டோ எடுக்கும்போது எங்களை ஓரமாக நிற்கச் சொல்வார்கள்.

---

கேழ்வரகுக்களி
புதன், இரவு 8.15

ஆண்களுக்கும் வருமா?

---

நர்ஸம்மா_ஓய்வு
புதன், இரவு 8.40

வரும். நூற்றில் ஒன்று என்பது போல. காம்புக்குப் பின்னால் கட்டி இருந்தால் வெட்கப்படாமல் காட்டுங்கள்.

---

மாங்காய்த்தோப்பு
சனி, இரவு 10.30

எல்லோருக்கும் நன்றி. நண்பர்களோடு பேசினோம், கொஞ்சம் வாக்குவாதமும் ஆனது. நான்கு ஊர், நான்கு நாள் வேன் என்று இருந்ததை இரண்டு நாளாகக் குறைத்துவிட்டோம். வேனில் 45 வயதுக்கு மேற்பட்டவர்களும், கைப் பரிசோதனையில் சந்தேகம் வந்தவர்களும் மட்டும். அதற்கு முன் ஒரு மாதம் சுகாதார நிலையச் செவிலியர்கள் கைப் பரிசோதனை செய்வார்கள், வட்டார மருத்துவ அலுவலர் ஒத்துக்கொண்டார். மிச்சமாகும் பணத்தில், சுய உதவிக் குழுவில் இருக்கும் ஒரு அக்காவை ஆறு மாதத்துக்கு வேலைக்கு வைக்கிறோம். அவருக்கு ஒரு போன், ஒரு நோட்டு, பயணச் செலவு. ரிசல்ட் தபாலில் போகாது. அக்காதான் வீட்டுக்குப் போய்த் தமிழில் சொல்லுவார், மருத்துவமனைக்குக் கூடவும் போவார்.

ரிப்பன் வெட்டலாம் என்று சொன்ன நண்பன் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

---

மாங்காய்த்தோப்பு
முகாம் முடிந்து நான்கு மாதம் கழித்து, ஞாயிறு, மாலை 5.10

முகாம் ஆடி கடைசியில் முடிந்தது. எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும்.

இரண்டு நாளில் 61 பேர் வேனில் ஏறினார்கள். வேனை அரசுப் பள்ளிக்குப் பின்னால், புளியமரத்தடியில் நிறுத்தினோம். முதல் நாள் காலை பத்தரை வரை ஒருவர்கூட வரவில்லை, எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்புறம் குழுத் தலைவி தானே முதலில் ஏறி இறங்கி, "பிழியுது, ஆனா பிரசவ வலிக்கு இது ஒன்னும் இல்ல" என்று சத்தமாகச் சொன்னார். பின்னால் வரிசை நின்றது. ஈரத்துணி, முக்காலி, தாலி யோசனை மூன்றும் உதவின. எக்ஸ்ரே அண்ணனுக்கு நன்றி.

ஏழு பேரை மருத்துவமனைக்கு வரச் சொன்னார்கள். நான்கு பேருக்கு ஸ்கேனிலேயே நீர்க்கட்டி, கொழுப்புக் கட்டி என்று முடிந்தது. இருவருக்கு பயாப்சி எடுத்தார்கள். ஒருவருக்கு ஒன்றும் இல்லை. இன்னொருவருக்குப் புற்றுநோய் உறுதியானது, சின்னக் கட்டி, அக்குளில் பரவவில்லை. முகாமிலிருந்து 26வது நாள் தெரிந்தது, 40வது நாள் அறுவை சிகிச்சை. அட்டை முன்னாடியே தயாராக இருந்ததால் அலைச்சல் இல்லை.

ஏழாவது ஆள் இன்னும் போகவில்லை. 52 வயது, மாரண்டஅள்ளி தாண்டி ஒரு ஊர். அக்கா ஐந்து முறை வீட்டுக்குப் போய்விட்டார். முதலில் மாடு கன்று போட வேண்டும் என்றார். அப்புறம் ராகி அறுப்பு. இப்போது மகன் வரட்டும் என்கிறார். மகன் போனில் "சரி, பார்க்கலாம்" என்கிறான். நான்கு மாதம் ஓடிவிட்டது. என்ன செய்வது என்று தெரியவில்லை.

---

நர்ஸம்மா_ஓய்வு
ஞாயிறு, மாலை 6.00

மகனுக்குப் போன் போடாதீர்கள். வீட்டில் மாமியார் இருக்கிறாரா?

---

மாங்காய்த்தோப்பு
ஞாயிறு, மாலை 6.20

இருக்கிறார் அம்மா, எண்பது வயதுக்கு மேல். முகாம் அன்று மருமகளைக் கைப்பிடித்துக் கூட்டி வந்ததே அவர்தான் என்று அக்கா சொன்னார்.

---

நர்ஸம்மா_ஓய்வு
ஞாயிறு, மாலை 6.35

அப்படியானால் அவரிடம்தான் பேச வேண்டும். வியாழக்கிழமை நான் வருகிறேன். பென்னாகரத்திலிருந்து காலை பஸ், எனக்கு டிக்கெட்டும் இல்லை. பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் அக்காவை நிற்கச் சொல்லுங்கள் தம்பி.

---

இராயக்கோட்டை_தக்காளி
ஞாயிறு, இரவு 7.15

வியாழன் எனக்கு லீவு போட முடியும். அம்மாவையும் கூட்டி வரட்டுமா? அவர் அந்த அம்மாவிடம் பேசுவார். தோட்டத்துக்குப் போகாமல் ஒரு நாள் இருக்கச் சொல்ல வேண்டும், அதுதான் கஷ்டம்.